எலி ராஜ்ஜியத்தில் கட்டுச்சோறு

அட்லாண்டா

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த மே லீவுக்கு நீ, அத்தான், கார்த்தி, மீனா நாலு பேரும் வருவது உறுதி என்று அம்மா போனில் சொன்னாள். டிஸ்னி வேர்ல்ட் டிக்கெட் விலையை நெட்டில் பார்த்ததிலிருந்து அத்தான் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்றும் சொன்னாள். அத்தானிடம் சொல்லு, டிக்கெட் விலை வெறும் வாசப்படிதான். உள்ளே போனபிறகு சாப்பாட்டு விலை என்று ஒன்று இருக்கிறது. முன்கூட்டித் தெரியாமல் அதைப் பார்த்தால் மனுஷர் மௌனவிரதமே எடுத்துவிடுவார். அதற்காகத்தான் இந்த நீளக் கடிதம். இந்தக் கோடையில் நாங்கள் போய்வந்தோம், அத்தையையும் கூட்டிக்கொண்டு.

என் மாமியாரைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. விசிட்டர் விசாவில் வந்து இறங்கியதிலிருந்து அவர்களுக்கு ஒரே வேலை, டாலரைத் தொண்ணூறால் பெருக்குவது. கால்குலேட்டர் வேண்டாம், பேப்பர் வேண்டாம். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர்கள் ஆயிற்றே. கடையில் நான் தயிர் டப்பாவைக் கையில் எடுத்தால் பின்னாலிருந்து விடை வந்துவிடும். டிஸ்னியில் ஒரு தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய நாலு டாலர். "முன்னூத்தி அறுவது ரூவாய்க்குத் தண்ணியா? தாமிரபரணியையே பாட்டில்ல அடைச்சு விக்காவளா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா, வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினார்.

தண்ணீர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கவேண்டாம். குளிர்பானம் ஊற்றித் தரும் எந்தக் கவுன்டரிலும் போய் ஐஸ் வாட்டர் என்று கேட்டால் கப்பில் பிடித்துச் சும்மா தருவார்கள். வேறு எதையும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பூங்காவெங்கும் குடிநீர்க் குழாயும் உண்டு. ஃப்ளோரிடாக் குழாய்த் தண்ணீரில் லேசாகக் கந்தக வாடை அடிக்கும். அதனால் நாங்கள் பாட்டிலை நீட்டியது கவுன்டரில்தான். அத்தை முதல் கப் வாங்கியதும், "இது எம்புட்டு?" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். பூஜ்யத்தைத் தொண்ணூறால் பெருக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு கப் வாங்கிவரச் சொன்னார்கள்.

உள்ளே ஏன் இந்த விலை என்று அத்தான் கேட்பார். அதற்கு ஒரு கதை உண்டு. வால்ட் டிஸ்னி 1955-இல் கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தார். இருந்த பணத்துக்குச் சுமார் 160 ஏக்கர்தான் வாங்க முடிந்தது. பூங்காவுக்குக் கூட்டம் வந்ததும் எதிர்ச்சாரியில் மோட்டலும் சாப்பாட்டுக் கடையும் வரிசைகட்டி முளைத்துவிட்டன. பார்க்க வந்தவன் இவர் பூங்காவைப் பார்த்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் அங்கே சாப்பிட்டுப் படுத்தான். மனுஷருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த பூங்காவுக்கு 1960-களில் ஃப்ளோரிடாவில் நிலம் தேடியபோது, வாங்குவது யார் என்று தெரியாதபடி வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சுமார் 27,000 ஏக்கரை வளைத்துப் போட்டார்கள். 1966-இல் அவர் காலமாகிவிட்டார். அண்ணன் ராய் டிஸ்னி வேலையை முடித்து 1971 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்துவைத்தார். ஆக, வாசலுக்கு வெளியே வந்து ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் அவர்கள் நிலம், அவர்கள் கடை. மேஜிக் கிங்டம் என்ற முதல் பூங்காவில் நம் காரை நிறுத்தும் இடத்திலிருந்தே படகில் ஏரியைக் கடந்தோ மோனோரயிலில் ஏரியைச் சுற்றியோதான் வாசலுக்குப் போகவேண்டும். பசியோடு திரும்பிக் காருக்கு வர யாருக்குத் தெம்பு இருக்கும்?

மத்தியானம் ஒரு மணி, வெயில், கால் வலி, பிள்ளைகள் சிணுங்கல். அந்த நேரத்தில் எந்த விலை சொன்னாலும் நாம் கொடுப்போம். கவுன்டரில் நின்று வாங்கும் சாதாரணச் சாப்பாடே பெரியவர்களுக்குத் தலைக்குப் பதினைந்து டாலர் அளவில் ஆகும். ஐந்து பேருக்கு வரியோடு எழுபது, எண்பது டாலர். அத்தைக் கணக்கில் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு வேளை, அதுவும் ரசம் இல்லாமல்.

இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஒரு கதவை மட்டும் திறந்தே வைத்திருக்கிறார்கள், அக்கா. அதைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்கவேண்டும். டிஸ்னி வேர்ல்டுக்குள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். ஒளித்துவைக்க வேண்டாம், ராஜாவாட்டம் பையைத் திறந்து காட்டிவிட்டே போகலாம். நம் ஊரில் சினிமா பார்க்கப் போனால் கைப்பையைத் துழாவி முறுக்குப் பாக்கெட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. நிபந்தனை சிலதுதான். சூடுபடுத்தவேண்டிய பண்டம் கூடாது. மது கூடாது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, குழந்தை உணவு பாட்டில் மட்டும் விதிவிலக்கு. ஐஸ் பெட்டி 24 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரத்துக்குள் இருக்கவேண்டும். உதிரி ஐஸ் போடக்கூடாது, உறைய வைக்கும் ஐஸ் பேக் போடலாம். அவ்வளவுதான். இதைப் படித்துச் சொன்னதும் அத்தை மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதல் காரியமாக நார்த்தங்காய் ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினார்கள்.

ஆனால் எல்லாப் பூங்காவும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதே. டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்திலேயே ஆர்லாண்டோவில் இருக்கும் யுனிவர்சலில் கட்டுச்சோறு விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில், சின்ன நொறுக்குத்தீனி, குழந்தை உணவு, உடம்புக்கு ஆகாத காரணத்தால் தேவைப்படும் பத்தியச் சாப்பாடு, இவற்றோடு சரி. ஹாரி பாட்டர் பார்க்கவேண்டும் என்று கார்த்தி அடம்பிடித்தால் அன்றைக்குக் காலையில் வயிறு நிறைய இட்லி கொடுத்துக் கூட்டிப்போவதுதான் வழி.

நாங்கள் ஹோட்டலில் தங்கவில்லை. கிஸ்ஸிமீ என்ற பக்கத்து ஊரில் அடுப்படியோடு வாடகை வீடுகள் நிறைய உண்டு. அதில் ஒன்றைப் பிடித்தோம். ஹோட்டல் வாடகையை விட ரொம்பக் குறைவு என்று சொல்லமாட்டேன். பூங்காவில் கார் நிறுத்தச் சுமார் முப்பது டாலர் வேறு தினமும் தண்டம். டிஸ்னி ஹோட்டலில் தங்கியவர்களுக்கு அது கிடையாது. ஆனாலும் அடுப்பு இருந்தால் மற்ற எல்லாம் சரிக்கட்டிவிடும். அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரக் கார்ப் பயணம் என்பதால் குக்கர், இட்லித் தட்டு, அரைத்த மாவு எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டன. இவர், "நாம லீவுக்குப் போறோமா, மெஸ் நடத்தப் போறோமா?" என்று கேட்டார். மூன்றாவது இட்லி கேட்கும்போது இதை ஞாபகப்படுத்துவேன் என்றேன்.

மீதிச் சாமானுக்குப் பப்ளிக்ஸ் இருக்கிறது. 1930-இல் ஃப்ளோரிடாவிலேயே தொடங்கிய மளிகைக் கடை, மூலைக்கு மூலை உண்டு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாராவாரம் பட்டியல் போடுவார்கள். இன்னொரு சங்கதி, ஃப்ளோரிடாவில் அரிசி, பால், காய்கறி, பழம் போன்ற வீட்டுச் சமையல் சாமான்களுக்கு விற்பனை வரி இல்லை. ஓட்டலில் சமைத்துக் கொடுத்த சாப்பாட்டுக்கு உண்டு, ஆர்லாண்டோப் பக்கம் 6.5 சதவீதம். அத்தைக்கு இந்த நாட்டில் முழுமனதாகப் பிடித்த ஒரே சட்டம் இதுதான்.

என்ன கட்டிக்கொண்டு போவது என்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் தூக்குச்சட்டியோடு போன பரம்பரை. இருந்தாலும் ஃப்ளோரிடா வெயிலுக்குத் தகுந்தபடி கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. புளியோதரைக்குக் கவலையே இல்லை, சாயங்காலம்வரை அப்படியே இருக்கும். எண்ணெயும் பொடியும் தடவிய இட்லியும் தாங்கும். தயிர்ச்சோறுதான் காலை வாரிவிடும். சோற்றைக் குழையவிட்டு, ஆறியதும் பாலை ஊற்றி ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்து, ஐஸ் பேக்குக்கு நடுவில் வைத்தால் மத்தியானத்துக்குப் பதமாக இருக்கும். ஐஸ் பேக் தனியாக வாங்காதே. தண்ணீர் பாட்டில்களை முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் போட்டுவிடு. காலையில் அதுவே ஐஸ், சாயங்காலம் அதுவே குடிதண்ணீர். தேங்காய்ச் சட்னி வேண்டாம். கேட்டு அழுதாலும் வேண்டாம்.

மேஜிக் கிங்டத்தில் ஒரு மர நிழல் பெஞ்சில் கடை விரித்தோம். எனக்கு முதலில் கொஞ்சம் கூச்சம்தான். நிமிர்ந்து பார்த்தால் இந்தப் பக்கம் ஓர் அமெரிக்கக் குடும்பம் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு குஜராத்திக் குடும்பம் தேப்லாவைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுக்கிறது. அப்புறம் என்ன கூச்சம். குஜராத்தி அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு பாஷையில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். எங்களுக்கு இரண்டு தேப்லா, அவர்களுக்கு நார்த்தங்காய். எதிரே ஒருவர் முழு வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே போனார். அதுவும் இங்கே பேர்போன பண்டம். மாயாபஜாரில் ரங்காராவ் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு வருவாரே, அந்தத் தோரணை. சைவப் பிள்ளைமார் வீட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது எம்புட்டாம்?" என்று மட்டும் விசாரித்தார்கள்.

எல்லா வேளையும் கட்டுச்சோறு என்று நீ கிளம்பிவிடாதே. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இவ்வளவு தூரம் போய்ப் பிள்ளைகள் மிக்கி காது வைத்த ஐஸ்கிரீமை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பதற்கு, வீட்டிலேயே இருந்துவிடலாம். பசிக்கு வீட்டுச் சாப்பாடு, ஆசைக்குக் கடைச் சாப்பாடு என்று பிரித்துக்கொண்டோம். ஆசைக்கு ஓர் எல்லை வேண்டுமே? அதற்கு இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். டிஸ்னி பரிசு அட்டை என்று விற்கிறார்கள், காசு போட்டு வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று வாங்கி, பயணம் முழுக்க உன் தின்பண்டமும் உன் பொம்மையும் இதற்குள்தான் என்று கொடுத்துவிட்டார். காலையில் எங்கள் காசில் மூன்று ஐஸ்கிரீம் கேட்ட முகில், மத்தியானம் தன் காசு என்றதும் மெனுவைப் பத்து நிமிஷம் படித்துவிட்டு, "இட்லி மீதி இருக்காம்மா?" என்றான். யாழினி அதற்கு நேர்மாறு. முதல் நாளிலேயே பாதியைத் தீர்த்துவிட்டு அண்ணனிடம் கடன் கேட்டாள். அவன் வட்டி எவ்வளவு தருவாய் என்றான். பேரன் தன் ரத்தம்தான் என்று அத்தைக்கு அன்றைக்குத்தான் நிச்சயமாயிற்று.

பிள்ளைகள் வயசு விஷயம் ஒன்று உண்டு. டிஸ்னி சாஸ்திரத்தில் மூன்றிலிருந்து ஒன்பது வரைதான் குழந்தை. பத்து வயசு பிறந்துவிட்டால் பெரிய ஆள், டிக்கெட்டும் பஃபேயும் பெரியவர் விலை. உன் கார்த்தியும் என் முகிலும் அங்கே குடும்பஸ்தர்கள் கணக்கு. பஃபேயில் நான்கு உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுவிட்டு எழுந்துவிடும் குடும்பஸ்தர்கள். கவுன்டர் கடைகளில் அந்தக் கெடுபிடி இல்லை. சின்னப் பிள்ளைச் சாப்பாடு என்று நீயே கேட்டு வாங்கினாலும் வயசுச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். கூடவே இரண்டு தொடுகறியும் ஒரு பானமும் சேர்ந்து வரும். எனக்கும் அத்தைக்கும் அதுவே போதுமாக இருந்தது.

அத்தான் நெட்டில் படித்துவிட்டு, மிக்கியோடு உட்கார்ந்து சாப்பிடும் செஃப் மிக்கீஸ் பஃபேக்கு டேபிள் பதிவு செய்கிறேன் என்பார். 60 நாள் முன்னாலேயே பதிவு செய்யலாம் என்பதும் நிஜம். தடுத்துவிடு. ராத்திரிச் சாப்பாடு பெரியவர்களுக்குத் தலைக்கு அறுபது டாலருக்கு மேல். நாம் எட்டுப் பேர். ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 18 சதவீதம் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள், அதற்குமேல் வரி. எல்லாம் சேர்த்து ஐந்நூறு டாலரைத் தாண்டிவிடும். பதிவு செய்துவிட்டுப் போகாமல் விட்டாலும் ஆளுக்குப் பத்து டாலர் பிடித்துக்கொள்வார்கள். மிக்கியைப் பூங்காவுக்குள்ளேயே வரிசையில் நின்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், தனிக் காசு இல்லை. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் டைனிங் பிளான் ஒன்றும் இருக்கிறது. கொரோனாவில் நிறுத்தி 2024 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். கறியும் மீனும் விலை பார்க்காமல் சாப்பிடுகிறவர்களுக்குச் சரி. ஒரு தட்டை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் நமக்கு அது நஷ்டக் கணக்கு.

ஒரே ஒரு தடவை நன்றாகச் செலவழித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்கு நான் வருந்தவில்லை. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஹோட்டலில் சனா என்று ஒரு உணவகம். பூங்கா டிக்கெட் இல்லாமலே போகலாம். ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய வாசம் கலந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கின்றன. அங்கே ரொட்டித் தட்டு என்று ஒன்று பிரசித்தம். நான் ரொட்டி, குல்சா என்று ஐந்து வகை, தொட்டுக்கொள்ள ஒன்பது வகை. விலை இருபது டாலருக்கு மேல். நாலு பேர் பசியாறலாம். பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கியையே பார்த்துக்கொண்டிருந்ததால் ரொட்டி எங்களுக்கு நிறையவே கிடைத்தது. அத்தை ஒன்பதையும் வரிசையாக நாக்கில் வைத்துப் பரீட்சைத் தாள் திருத்தினார்கள். புளிச் சட்னி பாஸ். கொத்தமல்லி பாஸ். பூண்டு ஊறுகாய்க்குக் கருணை மார்க். "ஒம்பது வச்சவன் ஒரு தேங்காய்ச் சட்னி வைக்கலையே" என்பதுதான் இறுதித் தீர்ப்பு. ஆனால் விலையைப் பெருக்கவில்லை. அன்று முழுவதும் பெருக்கவில்லை.

எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கடைத்தெரு. மெக்சிகோ, நார்வே, ஜப்பான், மொராக்கோ எல்லாம் உண்டு, இந்தியா இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பண்டம் என்று வாங்கினால் திவால்தான். ஏரிப் பக்கம் போகுமுன் கிளப் கூல் என்ற இடத்துக்குப் போய்விடு. கோகோ கோலாக் கம்பெனி பல நாடுகளில் விற்கும் பானங்களைச் சின்னக் கப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாகக் குடிக்கலாம். இத்தாலிக்காரனின் பெவர்லி என்று ஒன்று இருக்கிறது. கசப்பு தாங்காமல் அமெரிக்கர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடுவது அங்கே ஒரு வேடிக்கை. முகிலும் ஓடினான். வேப்பம்பூ ரசத்தில் வளர்ந்த அத்தை நிதானமாக இரண்டு கப் குடித்துவிட்டு, வயிற்றுக்கு நல்லது என்றார்கள்.

நவம்பரில் அத்தை ஊருக்குத் திரும்புகிறார்கள். உன்னை வந்து பார்ப்பார்கள். எல்லா விலையும் ரூபாயில் சொல்வார்கள், அத்தானை அந்த நேரத்தில் கடைக்கு எங்காவது அனுப்பிவிடு.

நீ பெட்டி கட்டும்போது கவனிக்கவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை இணுக்குகூட வைக்காதே, காய்ந்ததும் கூடாது. அது எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரத்தை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தொற்றிவரும் என்று தடை போட்டிருக்கிறார்கள். ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்த நோயில் பெருமளவு நாசமாகிக் கிடக்கின்றன, அதனால் பிடித்தால் விடமாட்டார்கள். பழமும் வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் கொண்டுவருகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்று உண்மையைச் சொல்லிவிடு. பருப்புப்பொடி, இட்லிப்பொடி தாராளமாகக் கொண்டுவா.

புளிக்காய்ச்சல் மட்டும் கண்டிப்பாக நீ காய்ச்சியதாக இருக்கட்டும், எனக்கு என்ன செய்தாலும் அந்தப் பதம் வரவில்லை. ஒரு கிலோ வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இரண்டு கவர் சுற்றி, செக்-இன் பெட்டியில் வை. கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், உன் கண்முன்னாலேயே குப்பையில் போட்டுவிடுவார்கள்.

அன்புத் தங்கை,
செல்வி